பின்வளவில் பனிக்கு முந்திய வாரங்கள்



செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோவின் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும். ஸ்காபரோவில் பின்வளவு வைத்திருக்கும் தமிழ் வீடுகளில் அந்த நாட்களில் ஒரு வேலை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும்: கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்குவது. வெண்டியும் பயற்றங்காயும் போனால் போகட்டும், அடுத்த கோடையில் புதிதாக விதை ஊன்றலாம். கறிவேப்பிலை அப்படியல்ல. ஐந்தாறு வருடம் பிள்ளைபோல் வளர்த்த கன்றை ஓர் இரவின் உறைபனி கருக்கிவிடும்.

தூக்குமுன் இலையின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பிசுபிசுத்தால் அசுவினியோ செதிற்பூச்சியோ குடியேறிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குப் பூச்சி தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் குளியல் தொட்டியில் வைத்து, மெல்லிய சவர்க்கார நீரால் இலை இலையாகக் கழுவுவார்கள். அந்த நேரம் வீடு முழுக்க எழும் வாசம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை.

அந்த வாசம் ஊர் அடுப்படியைச் சட்டென்று கண்முன் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவே உள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்துதான் போகவேண்டும். மூக்கின் செய்தியோ அங்கே தங்காமல், உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது.

தோட்டத்தை மூடும் காலத்தில் மூக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பட்டுப்போன கொடிகளும் மேப்பிள் சருகும் சேர்ந்து மக்கும் உரக்குவியலை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்க்கவேண்டும். புது மழைக்கு எழும் மண்வாசம் வந்தால் உரம் தயார். கூழ்முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, மண்வெட்டியால் கிளறிவிடவேண்டும். அந்த மண்வாசத்தைத் தருவது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். 1965இல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இலட்சம் கோடியில் ஒருசில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். இவ்வளவு நுட்பமான கருவி முகத்திலேயே இருக்கும்போது, உரம் பதமா என்று கடையில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

விதைக்கு விட்ட அவரை நெற்றுகளைக் காதருகே வைத்து ஆட்டினால் கலகலக்கும். ஓசை வராத நெற்றில் ஈரம் இருக்கிறது. எடுத்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நாவுக்கு வேண்டியது மண்ணுக்குள் இருக்கிறது. கரட்டை முதல் உறைபனிக்கு அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாமல் விட்டுவைப்பது நல்லது. குளிர் கூடக் கூட, உயிரணுக்கள் உறைந்துபோகாமல் இருக்க அந்தப் பயிர் தன் மாச்சத்தைச் சீனியாக மாற்றிக்கொள்கிறது. கேல் கீரைக்கும் இதே கதைதான். பனிபட்ட கரட்டைக் கழுவிக் கடித்துப் பார்த்தவர்கள் கடைக் கரட்டை மெச்சமாட்டார்கள்.

எல்லோரும் பாத்தியை மூடும் ஒக்டோபரில் நடவேண்டிய பயிரும் ஒன்று உண்டு, அது உள்ளி. பல்லின் கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோலோ சருகோ பரப்பிவிடவேண்டும். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்தால்தான் அந்த ஒரு பல் பல பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் பிரியாத ஒற்றைக் குமிழாக நின்றுவிடும்.

வேலை முடிந்து கை கழுவியதும், வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே பூட்டி, குழாயில் நிற்பதை வடியவிடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். செப்புக் குழாயையே பிளந்துவிடும். சருகையெல்லாம் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்துவிடாமல், பாதியையாவது உள்ளிப் பாத்திக்கு ஒதுக்கி வையுங்கள். வரும் யூலையில் உள்ளியைக் கிண்டி எடுக்கலாம்.