தராசு யார் கையில்?

(தென்னேரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

விருது வானிலிருந்து விழுவதன்று. தீர்ப்பளிப்போர் சுவையிலே விளைவது.

தேசிய விருது 1953-ஆம் ஆண்டுப் படங்களோடு தொடங்கிற்று. சிறந்த படமெனும் சிறப்பு தமிழை எட்டியதோ, 1990-ஆம் ஆண்டின் 'மறுபக்கம்' வாயிலாக! இடையிலே 37 ஆண்டுகள். கட்டபொம்மனாக முழங்கிய சிவாஜியை 1960-இல் கெய்ரோ விழா சிறந்த நடிகரெனப் போற்றிற்று. 1967-ஆம் ஆண்டுப் படங்கள் முதல் நடிகர்க்கும் விருதளித்த டில்லியோ, சிறந்த நடிகர் விருதை அவருக்கு இறுதிவரை ஈந்ததில்லை. கலை குறைந்ததா? இல்லை, காண்போர் கண் வேறு!

காஞ்சித் தறியாளர் கண்ணீரைக் காட்டிய 'காஞ்சிவரம்' 2007-க்கான சிறந்த படமாயிற்று, மகிழ்ந்தோம். ஆயினும், அடங்கிய குரலில் அழுதால் அணைக்கும் அந்தச் சுவை, நிமிர்ந்து முழங்கினால் பெரும்பாலும் முகம் சுளிக்கிறதே!

அமெரிக்காவைப் பாருங்கள். 2015, 2016 ஈராண்டும் ஆஸ்கர் நடிப்புப் பரிந்துரைகள் இருபதும் வெள்ளையர்க்கே. கண்டனம் கனன்றது, வாக்காளர் பட்டியல் விரிந்தது. 2020-இல் கொரியப் படம் 'பாரசைட்' சிறந்த படமாயிற்று. ஆங்கிலமல்லாத மொழிக்கு அதுவே முதன்முறை!

ஆகவே, பரிசு கிட்டவில்லையெனப் புலம்பாதீர். நடுவரை அமர்த்துவது ஒன்றிய அரசு. அந்த இருக்கைகளில் தமிழின் சுவையறிந்தோர் எத்தனை பேர் எனக் கேளுங்கள். தராசு பிடிப்பவர் யாரென அறியாமல், எடையை எப்படி நம்புவது?