கல்லிடைக்கும் சேர்மாதேவிக்கும் நடுவே



இன்று மதியம் இந்த மண்டபத்தில் பந்தி விரிக்கும்போது இலை ஓரத்தில் ஓர் அப்பளம் விழும். பக்கத்து இலையில் திருநெல்வேலிக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால், கல்லிடைக்குறிச்சியின் பேரைச் சொல்லாமல் அதை நொறுக்க மாட்டார். உளுந்து எங்கும் கிடைக்கும், தாமிரபரணித் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஊர்க்காரர்கள் அடித்துப் பேசுவார்கள். ஆற்றின் தென்கரையில் கல்லிடை, எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம், மேற்கே பொதிகை. அந்த ஊரையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றியதுதான் இந்த உரை.

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஆச்சி தினமும் விளக்கேத்தி கும்பிடுறாங்க, அப்பா ஏன் கும்பிடல?" பெரியவர்கள் உடனே கட்சி கட்டிவிடுகிறார்கள். ஆச்சிக்கு விவரம் தெரியாது என்று ஒரு கட்சி, அப்பாவுக்குப் படித்த திமிர் என்று இன்னொரு கட்சி. இரண்டு பதிலும் பிள்ளைக்குத் துரோகம். ஆச்சி நம்புவதற்கும் அப்பா நம்பாததற்கும் பின்னால் ஓர் இடம் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது, அன்று அங்கே நடந்த ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையில் நாற்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் அப்படிச் சில இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

முதல் இடம் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில். 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே திருட்டு நடந்தது. நடராசர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர் என நான்கு திருமேனிகள் போயின. நடராசர் மட்டும் இரண்டரை அடி உயரம், ஏறக்குறைய நூறு கிலோ எடை. காவல் துறை தேடிப் பார்த்துவிட்டு, துப்புக் கிடைக்கவில்லை என்று 1984-இல் வழக்கை மூடிவிட்டது. அந்த நடராசர் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்துத் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் இருந்தார். 2001-இல் அந்தக் கலைக்கூடம் அவரை விலை கொடுத்து வாங்கியிருந்தது.

அவரை அடையாளம் காட்டியது ஒரு பழைய புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களில் தமிழகக் கோயில்களை ஊர் ஊராகப் படம் எடுத்தார்கள். அந்தத் தொகுப்பில், 1958-இல் கல்லிடைக் கோயிலுக்குள்ளேயே எடுத்த நடராசர் படம் இருந்தது. கலைக்கூடத்துச் சிலையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மறுக்க வழியில்லாமல் போயிற்று. ஓய்வுபெற்ற ஐ.ஜி. பொன் மாணிக்கவேல் தலைமையிலான சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் முயற்சியில், 2019 செப்டம்பரில் நடராசர் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வந்து, ஊர் போய்ச் சேர்ந்தார். முப்பத்தேழு வருடங்கள். கூடப் போன மற்ற மூவரும் அன்று திரும்பவில்லை.

தன்னையே காத்துக்கொள்ள முடியாத சாமி ஊரை எப்படிக் காக்கும் என்று நாத்திகர் கேட்பார். நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால் நடராசரை எதிர்கொண்டு அழைத்த கூட்டத்தில் யாரும் அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு வரவில்லை. தொலைந்துபோன வீட்டு மனிதர் ஒருவர் திரும்பினால் வாசலில் நிற்பவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். படமும் போலீசும் நீதிமன்றமும் சேர்ந்து மீட்டுக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கைகூப்பினார்கள். கல்லிடையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த நடராசர் ஒரு தத்துவத்தின் விடை இல்லை. தாத்தா தூக்கிக் காட்டிய முகம், திருவாதிரை அன்று விடியலில் பார்த்த முகம். அது போதாதா என்று கேட்டால், அவருக்குப் போதும். இப்படி ஒட்டிக்கொள்ளும் நம்பிக்கையை வாதத்தால் அசைக்க முடியாது, ஏனென்றால் அது வாதத்தால் வந்ததே இல்லை.

பாட்டு வழியாக வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அதே ஊர் லட்சுமி வராகப் பெருமாளை முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் பாடியிருக்கிறார். கோயில் வாசலை மிதிக்காதவர்கள்கூட அந்த ஆபோகியைக் கேட்டுக் கண் மூடுகிறார்கள். அது பக்தியா, இசையா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கே தெரியாது.

இனி ரயிலேற வேண்டும். கல்லிடையிலிருந்து கிழக்கே வீரவநல்லூர், அருணாசலத்தின் நாதஸ்வரத்தால் பேர் பெற்ற காருக்குறிச்சி, அடுத்து ஊர்க்காரர்கள் சேர்மாதேவி என்று சொல்லும் சேரன்மகாதேவி. அங்கேதான் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கருடன் இருந்தவர், புதுச்சேரியில் பத்து வருடம் அடைக்கலம் இருந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. 1922-இல் தொடங்கிய அந்தக் குருகுலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தமிழும் கைத்தொழிலும் தேசபக்தியும் கற்கவேண்டும் என்பது அவருடைய கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

கனவு சாப்பாட்டு இலையில் வந்து நின்றது. பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, மீற முடியாது என்பது ஐயர் தரப்பு. சமபந்தி இல்லாத இடத்துக்குப் பொதுப்பணம் எதற்கு என்பது எதிர்த் தரப்பு. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். காங்கிரஸ் கமிட்டிச் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமி மீதித் தொகையைத் தர மறுத்தார். காந்தியடிகள் வரை பஞ்சாயத்துப் போயிற்று. 1925-இல் கமிட்டியே இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்தது.

அந்தக் கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஒரே பாய், ஒரே பாடம், ஒரே தேசபக்திப் பாட்டு. மணி அடித்ததும் இரண்டு பேர் எழுந்து வேறு பக்கம் போகிறார்கள். மற்றப் பிள்ளைகள் இலை முன்னால் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருக்கும்? ஐயர் தீயவர் இல்லை, தம் வாக்குக்குக் கட்டுப்பட்ட நல்லவர். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தவறு. நூறு வருடம் கழித்தும் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

அதே 1925 மே 2-ஆம் தேதி ஈரோட்டில் ஈ.வெ.ரா.வின் 'குடி அரசு' பிறந்தது. பின்னாளில் தமிழ்நாட்டின் கடவுள் மறுப்புக்குக் குரலான அந்தப் பத்திரிகையின் அலுவலகத்தைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் என்ற சைவத் துறவி. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஈ.வெ.ரா. அன்று கடவுளை எதிர்த்துக் கிளம்பவில்லை, அவமானத்தை எதிர்த்துத்தான் கிளம்பினார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க விடாத அவமானம், சேர்மாதேவியில் சேர்ந்து உண்ண விடாத அவமானம். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் காஞ்சிபுரம் மாநாட்டில் தடைப்பட்டதும் அவர் காங்கிரஸை விட்டார். அவமானத்துக்கு யார் காரணம் என்று தேடிக்கொண்டே போன மனிதர் சாதியைக் கண்டார், சாதிக்குப் பின்னால் சாத்திரத்தைக் கண்டார், சாத்திரத்துக்குப் பின்னால் கடவுளைக் கண்டு, அங்கே நின்று கேள்வி கேட்டார். அதே பந்திக்காகப் போராடிய வரதராஜுலு நாயுடு கடவுளை விடவில்லை. பின்னாளில் இந்து மகாசபையில் பணியாற்றினார். இரண்டு பேர் பார்த்தது ஒரே பந்தியைத்தான்.

அந்தக் குருகுலத்தில் இன்னொரு இளைஞர் இருந்தார். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டிக்காரர், 1907-இல் பிறந்தவர், அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. சாப்பாட்டில் பேதம் பார்ப்பதைக் கண்டு அங்கிருந்து விலகினார். பிறகு காரைக்குடிப் பக்கம் சிராவயலில் ஆசிரமப் பொறுப்பை ஏற்றார். அவர்தான் ப. ஜீவானந்தம், நமக்கெல்லாம் ஜீவா.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, வடக்கே லாகூர்ச் சிறையில் தூக்குமேடையை எதிர்பார்த்திருந்த பகத்சிங் ஒரு கட்டுரை எழுதினார். புகழ் தலைக்கேறியதால்தான் நீ கடவுளை மறுக்கிறாய் என்று சிறையிலிருந்த மூத்த புரட்சிக்காரர் ஒருவர் கடிந்துகொண்டதற்கு அது பதில். தாத்தாவின் ஆரிய சமாஜப் பழக்கத்தில் வளர்ந்து, விடுதியில் நாள்தோறும் காயத்ரி சொன்ன பையன் தான் என்பதிலிருந்து தொடங்கி, 1926 முடிவதற்குள் எப்படி நாத்திகனானேன் என்று படிப்படியாக எழுதினார். 1927-இல் பிடிபட்டபோது, பிரார்த்தனை செய் என்று போலீஸ் அதிகாரிகள் வற்புறுத்தினார்களாம். அமைதியான காலத்தில் நாத்திகம் பேசுவது எளிது, இந்த நேரத்திலும் நிற்க முடிகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்து, பிரார்த்திக்காமல் இருந்ததை அதில் சொல்கிறார். 1931 மார்ச் 23-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். கட்டுரை செப்டம்பரில் லாகூரிலிருந்து வந்த 'தி பீப்பிள்' இதழில் வெளியானது.

அதைத் தமிழில் பெயர்த்தவர் ஜீவா. வெளியிட்டது ஈரோட்டுச் சுயமரியாதைக்காரர்கள். அரசு அவரைக் கைது செய்தது. சேர்மாதேவிப் பந்தியிலிருந்து எழுந்து போன இளைஞரின் கையால் லாகூர்ச் சிறைக் காகிதங்கள் தமிழாயின என்பது தற்செயல் என்று தோன்றவில்லை. தன் நாத்திகத்துக்குத் தன் வாழ்க்கையையே சான்றாக வைத்த ஒரு கட்டுரை அது. அப்படிப்பட்ட ஒன்றைப் பெயர்க்க, அப்படி ஒரு பந்தியைப் பார்த்த ஆள்தான் வேண்டியிருந்தது.

அதே ஜீவா கம்பனைப் பேச மேடையேறினால் பக்தர்களும் மெய்ம்மறந்து கேட்டார்கள். காரைக்குடிக் கம்பன் விழாவில் ஒரு கம்யூனிஸ்டு ராம காவியத்தில் கரைந்து பேசினார். கடவுளை விட்டவர் கம்பனை விடவில்லை. இதில் முரண் தேடுபவர்கள் தேடட்டும். தமிழ்க் குடும்பங்களில் பல அப்பாக்கள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஐயரின் முடிவைச் சொல்லாமல் நகரக் கூடாது. சண்டையின் நடுவில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் தொடக்கத்தில் மாணவர்களுடன் பாபநாசம் மேலே அகத்தியர் அருவிப் பக்கம் போனார். கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரா வழுக்கி விழுந்தாள். காப்பாற்றப் பாய்ந்த தகப்பனையும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுபோயிற்று. கல்லிடையில் இருப்பவர்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்த அருவியிலிருந்து இறங்கிவரும் தண்ணீரில்தான்.

அந்த அருவியைத் தாண்டி மலையேறினால் காரையாறு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்து ஐயனார் கோயில். அங்கே பட்டவராயன் என்று ஒரு சாமி இருக்கிறார். அவர் கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் முத்துப்பட்டன் கதை என்று பாடுகிறார்கள். பட்டன் பிராமண இளைஞன். காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கண்டு மனம் கொடுத்தான். அவர்கள் தோல் தொழில் செய்யும் அருந்ததியர் குலம். பெண் கேட்டுப் போனபோது தகப்பன் வாலப்பகடை ஒரு நிபந்தனை போட்டார்: பூணூலை அறு, குடுமியை எடு, தோல் அறுத்துச் செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் அத்தனையும் செய்தான். கல்யாணம் ஆன கையோடு மாடு திருடர்கள் வந்தார்கள். மாமனார் காவல் காத்த மாடுகளை மீட்கப் போய், வென்றபின் வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் செத்தான். மனைவியர் இருவரும் சிதையேறினார்கள். ஊர் அவர்களைச் சாமியாக்கிக் கும்பிட்டது.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை மார்க்சியர். கடவுள் நம்பிக்கை அவருக்குக் கிடையாது. ஆனால் இந்தக் கதையின் பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர் அவர்தான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சில வடிவங்களில் வருகிறது. சாதி மீறிய காதலைச் செரிக்க முடியாதவர்கள் பின்னால் நுழைத்தது அது என்று எடுத்துக்காட்டினார். கும்பிடுகிறவர்களின் சாமியைக் கும்பிடாத ஒருவர் இவ்வளவு அக்கறையோடு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். ஆடி அமாவாசைக்குப் போனால் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும், சாதாரண நாளென்றால் பாபநாசம் வனத் துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பட்டவராயன் சந்நிதியில் காணிக்கை தேங்காய் பழத்தோடு முடிவதில்லை. புதுத் தோல் செருப்புகளை ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பட்டன் இன்றும் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு மலையில் மாடு காக்கிறான், அதனால்தான் கொஞ்ச நாளில் அடிப்பாகம் தேய்ந்துவிடுகிறது என்று சொல்கிறார்கள். கும்பிட வந்தவர்களும் சும்மா பார்க்க வந்தவர்களும் அங்கே ஒரே மாதிரிக் குனிந்து, எந்த ஜோடி தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.