மாமா காலுக்குள்ள ஒரு சாரம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

  

இன்னைக்கு என் கையில ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கு. என் தாய்மாமாவோட இடது கால். முழங்காலுக்குக் கீழ ஒரு தகடு, எட்டு திருகாணி. அதுக்கு நடுவுல ரவை கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். அது பேரு கால்சியம் பாஸ்பேட். எலும்பு உடைஞ்ச இடத்துல, எலும்பு இல்லாத இடத்துல, வைக்கிற பொருள்.

முதல்ல ஊர். மாமாவுக்கு கரியமாணிக்கம். புதுச்சேரின்னதும் உங்களுக்கு பீச்சும் மஞ்சள் சுவரும்தான் ஞாபகம் வரும். இது அந்தப் புதுச்சேரி இல்ல. நெட்டப்பாக்கம் கொம்யூன், நெல்லும் கரும்புமா இருக்கிற பக்கம். மாமா கொத்தனார். முப்பது வருஷமா சாரத்து மேல நின்னு வேலை பார்த்தவர். ஒரு நாள் மதியம் சவுக்குக் கழியில கட்டின கயிறு நழுவி, பலகையோட கீழ வந்துட்டார். கால் எலும்பு ரெண்டா போச்சு.

வீட்ல என்ன செஞ்சாங்க? நம்ம பக்கத்துல நிறைய பேர் செய்யறதைத்தான். நாட்டுக் கட்டு. புத்தூர் கட்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பச்சிலை, மூங்கில் பத்தை, முட்டையோட வெள்ளைக்கரு, மேல துணி. அந்த மாதிரி ஒரு கட்டு. நாட்டுக் கட்டையே குறை சொல்ல வரல. விலகாத சின்ன முறிவு, அசையாம வெச்சா தானா சேரும். ஆனா மாமாவோட முறிவு விலகியிருந்தது. அதை எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாங்க யாரும் எடுக்கல.

இதுல என் பங்கும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொன்னா நியாயமா இருக்காது. நான் அப்போ சென்னையில வேலை. போய்ப் பார்க்க லீவு கிடைக்கல, அதனால ஆன்லைன்ல ‘நானோ கால்சியம்’னு ஒரு மாத்திரை டப்பா வாங்கி அனுப்பினேன். ஒண்ணு இல்ல, மாசம் ஒண்ணுன்னு அஞ்சு டப்பா. “மாமா, இது நேரா எலும்புக்குள்ள போயிடும், சீக்கிரம் சேர்ந்துடும்”னு ஃபோன்ல சொன்னேன். படிச்ச பையன் சொல்றான்னு மாமாவும் நம்பினார். ஆறு மாசம் ஆச்சு. காலை ஊன்ற முடியல. அதுக்கப்புறம்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

எக்ஸ்ரேவைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார்: ரெண்டு முனையும் சேரவே இல்ல. நடுவுல நார் மாதிரி சதைதான் வளர்ந்திருக்கு. செத்துப் போன முனைகளை வெட்டி எடுக்கணும், எடுத்தா நடுவுல ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி வரும், அதை நிரப்பணும்.

மாமா கேட்டது ஒரே கேள்வி. “எலும்பு இல்லாத இடத்துல இன்னாத்த வெச்சு சார் நிரப்புவீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா எலும்பு எதுனால ஆனதுன்னு தெரியணும். எலும்பைச் சுண்ணாம்புக் கட்டின்னு நினைச்சுக்கறோம். அது பாதி உண்மைதான். எலும்போட எடையில ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு கனிமம். மீதியில பெரும்பகுதி கொலாஜன்ங்கிற புரத நார், கொஞ்சம் தண்ணி. அந்தக் கனிமம் ஹைட்ராக்சிஅபடைட் வகையைச் சேர்ந்த ஒரு கால்சியம் பாஸ்பேட். பத்து கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட், அதாவது 1.67-க்கு 1 விகிதம். எலும்புல இருக்கிறது அவ்வளவு சுத்தமானது இல்ல, கார்பனேட்டும் மெக்னீசியமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

முக்கியமான விஷயம் அதோட அளவு. எலும்புக்குள்ள இந்தப் படிகங்கள் மெல்லிய தகடுகளா இருக்கும். நீளம் சில பத்து நானோமீட்டர், தடிமன் ரெண்டுல இருந்து அஞ்சு நானோமீட்டர். உங்க தலைமுடியோட தடிமன் தோராயமா 80,000 நானோமீட்டர்னு வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தத் தகடுகள் கொலாஜன் நாருக்குள்ளயும் வெளியிலயும் வரிசையா அடுக்கியிருக்கும். நார் வளைஞ்சு கொடுக்கும், தகடு தாங்கும். கம்பியும் கான்கிரீட்டும் மாதிரின்னு மாமாவுக்குச் சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டார். ‘நானோ’ங்கிறது ஏதோ புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு நினைக்கிறோம். நம்ம எலும்பே ஒரு நானோ பொருள்தான்.

அப்போ அதே பொருளை வெளியில செஞ்சு உள்ள வைக்கலாமே? அந்த யோசனைக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. 1920-லயே ஃபிரெட் ஆல்பீங்கிற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர், கால்சியம் பாஸ்பேட் சேர்மம் ஒண்ணை எலும்பு வளர்ச்சியைத் தூண்ட வெச்சுப் பார்த்ததை எழுதியிருக்கார். 1980-கள்ல அமெரிக்காவுல பிரௌன், சௌன்னு ரெண்டு பேர் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட்டை உருவாக்கினாங்க. பொடியைத் திரவத்தோட குழைச்சு பள்ளத்துல அப்பினா, உடம்புக்குள்ளயே இறுகி ஹைட்ராக்சிஅபடைட்டா மாறும். சூளையே வேண்டாம். நம்ம நாட்டுல திருவனந்தபுரத்துல இருக்கிற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், இந்த மாதிரி சிமெண்டையும் எலும்புக்கான பீங்கான் பொருட்களையும் சொந்தமா உருவாக்கியிருக்கு.

இப்போ முட்டைக்கு வர்றேன். மாமாவோட முதல் கட்டுல வெள்ளைக்கரு இருந்துச்சுன்னு சொன்னேன்ல? வெள்ளைக்கரு காய்ஞ்சா விறைப்பாகும், துணியை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கட்டுல அதுக்கு வேலை அவ்வளவுதான். நாம குப்பையில போடற முட்டை ஓட்டுக்குத்தான் எலும்போட நேரடி சம்பந்தம் இருக்கு.

ஹைட்ராக்சிஅபடைட் செய்ய கால்சியம் வேணும். 1996-ல சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த டி.எஸ். சம்பத்குமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இந்தியக் கடற்கரைப் பவளத்துல இருந்து ஹைட்ராக்சிஅபடைட் செஞ்சு காட்டினாங்க. பவளமும் கால்சியம் கார்பனேட்தான், இயற்கையாவே துளைகளும் இருக்கும். ஆனா பவளப்பாறை வளர எத்தனையோ வருஷம் ஆகும். இப்போ அது வனவிலங்குச் சட்டத்தோட பாதுகாப்புல இருக்கு, எடுக்கவே கூடாது. அதே சம்பத்குமார் குழு 2007-ல வெளியிட்ட ஆய்வுக்கு மூலப்பொருள் முட்டை ஓடு. ஓட்டுல 90 சதவீதத்துக்கு மேல கால்சியம் கார்பனேட். நாமக்கல் இருக்கிற ஊர்ல ஓட்டுக்கா பஞ்சம்!

செய்முறையைச் சுருக்கமாச் சொல்றேன். ஓட்டைக் கழுவி, உலையில நல்லாச் சூடாக்கினா கார்பன் டை ஆக்சைடு போயிடும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மாமாவுக்கு நல்லாத் தெரிஞ்ச சுண்ணாம்பு. அதோட பாஸ்பேட் கரைசலைச் சேர்த்து மைக்ரோவேவ்ல வைக்கிறாங்க. மைக்ரோவேவ் கலவை முழுக்க ஒரே சமயத்துல வேகமாச் சூடேத்தும். படிகம் பெருசா வளர நேரம் கிடைக்காது. அதனால நானோ அளவுலயே நின்னுடும். ஓட்டுல இருக்கிற மெக்னீசியம் மாதிரி சின்னச் சின்ன கலப்பும் கூடவே வரும், எலும்புலயும் அது உண்டு. (தயவுசெஞ்சு வீட்ல முயற்சி பண்ணாதீங்க. சுட்ட சுண்ணாம்பு கையைப் பொத்துடும். உடம்புக்குள்ள வைக்கிற பொருள்னா அதோட தூய்மைக்கே தனி சோதனைகள் இருக்கு.)

சரி, நானோவா இருந்தா என்ன லாபம்? இதே பொருளை 1000 டிகிரிக்கு மேல சுட்டா படிகங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும். கெட்டியான பீங்கான் கிடைக்கும். அது உடம்புல பல வருஷம் கரையாம அப்படியே கிடக்கும். நானோ அளவுல அதே எடைக்கு மேற்பரப்பு பல மடங்கு அதிகம். ரத்தத்துல இருக்கிற புரதங்கள் அதுல ஒட்டும், புரதத்தைப் பிடிச்சு செல்கள் ஒட்டும். நம்ம எலும்புல ரெண்டு கோஷ்டி எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பைக் கரைக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் புதுசாக் கட்டும். படிகம் சின்னதா இருந்தா முதல் கோஷ்டி அதைச் சுலபமாக் கரைக்கும், அந்த இடத்துல ரெண்டாவது கோஷ்டி சொந்த எலும்பைக் கட்டும். அந்த மேற்பரப்புலயே ஆன்டிபயாடிக்கை ஏத்தி அனுப்பி, காயத்துக்கிட்டயே மருந்து மெதுவா கசியற மாதிரி செய்யற ஆய்வுகளும் நடக்குது.

ஆனா நானோ மட்டும் போதாது. உள்ள ரத்தக் குழாய் நுழையணும். அதுக்கு நூறு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளைகள் வேணும், நானோவோட ஒப்பிட்டா அது பெரிய வாசல். ரத்தம் வராத இடத்துல எலும்பு வராது.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மாமாவுக்கு வெச்சது நானோ இல்ல. ஏற்கனவே ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கிற கால்சியம் பாஸ்பேட் குருணை. டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார், கற்கண்டைப் பொடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுவும் தனியா இல்ல. மாமாவோட இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, அதோட இந்தக் குருணையைக் கலந்து வெச்சாங்க. இன்னைக்கும் எலும்பு ஒட்டுக்கு அளவுகோல் நம்ம சொந்த எலும்புதான், அதுல உயிருள்ள செல் இருக்கு. ஆனா அது அளவாத்தான் கிடைக்கும், எடுத்த இடமும் வலிக்கும். “கால் வலிய பொறுத்துக்கலாம் மாப்ள, இந்த இடுப்பு வலிதான் தாங்கல”ன்னு மாமா ரெண்டு மாசம் சொல்லிக்கிட்டே இருந்தார். இடுப்பைச் சுரண்டவே வேண்டாத அளவுக்கு நல்ல ஒரு பொருள் வேணும்னுதான் இத்தனை ஆய்வகங்கள்ல வேலை நடக்குது.

குருணைக்கு எடை தாங்கற வேலையைக் கொடுக்க முடியாது. அது பீங்கான், நொறுங்கும். அதனாலதான் தகடும் திருகாணியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் அனுப்பின மாத்திரை டப்பாவை அத்தை டாக்டர்கிட்ட காட்டினாங்க. எனக்கு எங்கயாவது ஓடிடலாமான்னு இருந்துச்சு. டாக்டர் திட்டல. “வயித்துல அமிலம் இருக்கும்மா. கால்சியம் பாஸ்பேட் அமிலத்துல கரையும். நானோன்னு எழுதியிருந்தாலும் வயித்துக்குள்ள போனா கரைஞ்சு வெறும் கால்சியமாத்தான் ரத்தத்துல சேரும். முறிஞ்ச இடத்தைத் தேடிப் போய் ஒட்டாது”ன்னார். சாப்பாட்டுல கால்சியம் வேணும்தான், அது வேற கணக்கு.

அப்போ மாமா படுத்தபடியே சொன்னார். “சிமெண்ட் மூட்டைய வாசல்ல எறக்கி வெச்சா சொவுரு தானா எழும்பிடுமா மாப்ள?”

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா அந்த அஞ்சு மாசத்தை நினைச்சா இன்னும் உறுத்துது. அந்த மாத்திரை கெடுதல் ஒண்ணும் பண்ணல. ஆனா ‘ஏதோ செஞ்சுக்கிட்டுதான் இருக்கோம்’ங்கிற நிம்மதியை எங்களுக்குக் கொடுத்துச்சு. அந்த நிம்மதியிலதான் எக்ஸ்ரே தள்ளித் தள்ளிப் போச்சு.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னார்: பீடியை நிறுத்தணும். புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், எலும்பு சேர்றதைத் தாமதப்படுத்தும். எவ்வளவு நல்ல பொருளை உள்ள வெச்சாலும் பீடி அதைக் கெடுத்துடும். மாமாவுக்கு ஆபரேஷனை விட இதுதான் கஷ்டமா இருந்துச்சு. நிறுத்தினார். சரி, பெரும்பாலும் நிறுத்தினார்.

இப்போ என் கையில இருக்கிறது ஒன்றரை வருஷம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரே. முதல் ஃபிலிம்ல புள்ளிகள் தனித்தனியா, ஓரம் கூர்மையா தெரிஞ்சது. இதுல சில புள்ளிகள் மங்கிடுச்சு, சிலது இன்னும் இருக்கு. சுத்தி மேகம் மாதிரி வெள்ளை படர்ந்து ரெண்டு முனையையும் பிடிச்சிருக்கு. அந்த மேகம் மாமாவோட சொந்த எலும்பு.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு மாமாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “இது சாரம்தான் மாப்ள. சொவுரு நின்னா பிரிச்சிட வேண்டியதுதான். ஆனா இந்த சாரத்த அந்த வூட்டுக்காரனே தின்னுட்டு சொவுர எழுப்பறான் பாரு”ன்னார். இந்தத் துறையில நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமா சொல்லல.

மாமா இப்போ நடக்கிறார். கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கிறார். சாரம் ஏறறதில்ல, கீழ நின்னு மேற்பார்வை. கயிறு முடிச்சை மட்டும் ரெண்டு தடவை இழுத்துப் பார்க்காம யாரையும் மேல ஏத்தறதில்ல.

உங்க வீட்லயும் யாராவது விழுந்திருந்தா, முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. கட்டு எங்க போடறதுன்னு அப்புறம் பேசிக்கலாம். ‘நானோ’ன்னு எழுதின டப்பா ஏதாவது கார்ட்ல இருந்தா, அது எங்க போய் என்ன வேலை செய்யும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் கேக்கல.