கரும்பலகைக்குப் போகிற வழி

(கணியம்பாடியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைக் கணித, அறிவியல் வகுப்புத் தொடக்கத்தில் பேசியது)



பம்பாய் எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட அம்பேத்கரை ஆசிரியர் பலகைக்குக் கூப்பிட்டார். மற்ற பசங்க அலறிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். எதுக்கு? பலகைக்குப் பின்னால் அவங்க சோத்து டப்பா இருந்தது. தீட்டுப் பட்டுடுமாம். கணக்குக்கு சாதி இல்லை என்கிறார்கள். சரி, கணக்குக்கு இல்லை. கரும்பலகைக்குப் போகிற வழிக்கு இருக்கிறது.

இப்போ டப்பா இல்லை, வடிகட்டி இருக்கிறது. 2008ல் நடுவண் அரசு ‘இன்ஸ்பயர்’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு பகுதி, ஆண்டுக்கு 50,000 பதினோராம் வகுப்பு மாணவர்களைக் கோடையிலோ குளிர்காலத்திலோ முகாமுக்கு அழைத்து விஞ்ஞானிகளோடு பேச வைப்பது. நல்ல காரியந்தான். யாரை அழைப்பது? பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அறிவியல் எடுத்தவர்களை. டியூஷன் வைக்க முடிந்த வீட்டுக்கு இன்னொரு கரண்டி. மீதி 99 பேர்?

அமெரிக்காவில் 1990ல் வந்த ‘அப்வர்ட் பவுண்ட்’ கணித, அறிவியல் திட்டம் தலைகீழாக யோசித்தது. சேருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏழைகளாகவும், பெற்றோர் பட்டம் வாங்காதவர்களாகவும் இருக்க வேண்டும். கோடையில் ஆறு வாரம் வகுப்பு. இல்லாமையே அங்கே தகுதி.

அதே நாட்டில் பாப் மோசஸ் என்ற கறுப்பினத் தோழர், 1960களில் மிசிசிப்பியில் தம் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போய் அடிபட்டவர். 1982ல் ‘அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்’ தொடங்கினார். ஓட்டு மாதிரி அல்ஜீப்ராவும் உரிமை என்றார். ரயில் பயணத்தை வைத்தே கூட்டல், கழித்தல் எண்களைச் சொல்லிக் கொடுத்தார். நமக்கு பஸ் போதும். கணியம்பாடி ஸ்டாப்பிங் பூஜ்யம். வேலூர் பக்கம் போனால் கூட்டல், கண்ணமங்கலம் பக்கம் போனால் கழித்தல்.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுக்கு வங்கிக் குமாஸ்தா. கவுண்டரில் நம்ம சனம் “நீங்களே பாத்துப் போடுங்க சார்” என்று கைநாட்டு வைக்கிறது. வெளியே நூத்துக்கு மாசம் அஞ்சு வட்டி. அஞ்சுதானே என்று வாங்குகிறோம். ஆண்டுக்கு 60! பத்தாயிரம் வாங்கினவன் வட்டி மட்டுமே 6,000 கட்டுகிறான், அசல் அப்படியே நிற்கிறது. கணக்கு தெரியாதவன் உழைப்பு யார் வீட்டுக்குப் போகிறது என்று நான் சொல்லணுமா?

அறிவியல் அயலூர்ச் சரக்கும் இல்லை. இதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1977ல் யுரேனஸுக்கு வளையம் உண்டென்று கண்டதில் அந்தத் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. அதன் அடிவாரத்துப் புள்ளை ஒரு தரமாவது அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாமா?

பெற்றோர்களிடம் கேட்பது ஒன்றுதான். நல்லா மார்க் வாங்குகிற புள்ளையை மட்டும் அனுப்பாதீங்க. கணக்கைக் கண்டு பயப்படுறவளை அனுப்புங்க. கைநாட்டு வீட்டுப் புள்ளையை முதல் வரிசையில் உட்கார வைப்போம். கோடை முடியும்போது உங்க வட்டிச் சீட்டை அவகிட்ட கொடுங்க. சரியா தப்பான்னு அவ சொல்லட்டும்.