வலியைக் கேட்க 45 நிமிடம்
(மகளிர் தினக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

கருப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று ஒதுக்குவதால், கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆகின்றன.

ஆஸ்திரேலிய அரசு 2018-ல் இதற்கென்றே தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தது. பிறகு தனி கிளினிக்குகளுக்கு நிதி ஒதுக்கியது. 2025 ஜூலை முதல், பெண்கள் நல மருத்துவர் 45 நிமிடமோ அதற்கு மேலோ நோயாளியைப் பார்த்தால் மெடிகேர் கூடுதல் தொகை தருகிறது. அதாவது, காது கொடுத்துக் கேட்பதற்கும் அரசு செலவு செய்கிறது.

நம் வீட்டில் கேட்பதற்கு அரசாணை எதற்கு? மகள் மாதாமாதம் வலியால் பள்ளிக்கு லீவு போட்டால், மாத்திரையோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.