அஞ்சனை மைந்தனும் அசையும் ஓவியமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

  

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவதே மரபு. செயலாளர் அவர்கள் எம்மிடம் தலைப்புக் கேட்டபோது, “பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடரைப் பற்றிப் பேசுவோம்” என்றோம். அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழைப்பிதழில் ‘இலக்கிய உரை’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டார். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்க்கும் எமக்குப் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படிப்பில்லை; ஓவியக் கல்லூரியின் வாயிலையும் மிதித்ததில்லை. ஆயினும் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தவற்றைப் பற்றிச் சொல்ல உரிமையுண்டு என்று கருதி இங்கே நிற்கிறோம்.

ஏன் இந்தப் பொருளை எடுத்தோம்? மாலை ஆறு மணிக்கு மேல் நம் காலனியில் எந்த வீட்டு வாயிலைக் கடந்தாலும் இந்தி கேட்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மராட்டியும் ஆங்கிலமும். விளையாட்டுத் திடலில் இந்தி. தமிழோ, சாப்பிட வா என்று தாய் அழைக்கும் குரலில் மட்டும். மராட்டிய மண்ணின் சோற்றை உண்கிறோம்; அதன் மொழியைப் பிள்ளைகள் பேசுவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் ஒரு நாளில் தொடர்ந்து அரைமணி நேரமாவது நல்ல தமிழ் வாக்கியங்களைக் கேட்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். நாம் பேசுவதோ பாதித் தமிழ். நூல் கொடுத்தால் எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறார்கள். எனவே, அவர்கள் கண் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்த்தோம்.

அங்கே அனுமன் இருந்தான்.

‘தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்’ என்னும் அசைவூட்டத் தொடர் 2021ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் வெளிவரத் தொடங்கியது. அப்போது அதை வெளியிட்ட இணையத் தளத்தின் பெயர் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரி முதல் அது ஜியோஹாட்ஸ்டார் ஆயிற்று. உருவாக்கியது கிராஃபிக் இந்தியா நிறுவனம். சரத் தேவராஜன், ஜீவன் காங், சாருவி அகர்வால் ஆகியோர் படைப்பாளிகள். முதற் பருவம் 13 பகுதிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டாம் பருவம் வந்தது. 2025 ஏப்ரலுக்குள் ஆறு பருவங்கள் ஆகிவிட்டன. இந்தியிலே எழுந்த தொடர்தான்; ஆனால் தமிழ், மராட்டி உள்ளிட்ட வேறு மொழிகளிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். நம் வீடுகளில் பலர்க்கு இது தெரியாது. ஒலியின் மொழியை மாற்றும் இடத்தில் ‘தமிழ்’ என்பதைத் தொட்டால் போதும், அனுமன் தமிழ் பேசுகிறான்!

கதை நமக்குத் தெரிந்ததுதானே, இதில் என்ன பாத்திர வளர்ச்சி என்று பெரியோர் கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள். ஞாயிற்றைக் கனியென்று எண்ணித் தாவிய குழந்தை அவன். இந்திரனுடைய வச்சிரப்படை தாடையில் பட்டு வீழ்ந்தவன். தேவர்களிடம் வரம் பெற்றவன். பின்பு குறும்பு மிகுந்து முனிவர்களின் சாபத்திற்கும் ஆளானவன். சாபம் என்ன? ஆற்றல் போகவில்லை, ஆற்றலைப் பற்றிய நினைவு போயிற்று. பிறர் நினைவூட்டும்வரை அவன் தன்னை அறியான். மயேந்திர மலையில் சாம்பவன் எடுத்துச் சொல்ல, அனுமன் ஓங்கி நிற்கும் இடத்தைக் கம்பர் எவ்வளவு விரித்துப் பாடினார் என்பதைப் படித்தவர்கள் அறிவீர்கள். வீரர் கதைகளில் நாயகன் பெரும்பாலும் புதிய படைக்கலம் பெறுவான், புதிய வித்தை கற்பான். இங்கேயோ ஏற்கனவே தன்னிடம் உள்ளதை ஒருவன் கண்டுகொள்வதே கதை. தொடரின் முதற் பருவத்துக்கு நடுநாடி இதுதான். தொடக்கத்தில் அவன் நடையில் ஓர் ஒதுக்கம் இருக்கிறது. தோள் சற்றுக் கூனியிருக்கிறது. பேசுமுன் பிறர் முகத்தைப் பார்க்கிறான். பகுதிகள் செல்லச் செல்ல அந்தத் தோள் நிமிர்கிறது. யாரும் இதை வாயால் விளக்கவில்லை. எம் வீட்டுச் சிறுமிதான் முதலில் கண்டு சொன்னாள்.

எல்லாத் தொடர்களும் இப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா தொடங்கிய கிரீன் கோல்டு நிறுவனத்தின் ‘சோட்டா பீம்’ 2008இல் போகோ தொலைக்காட்சியில் வந்தது. லட்டு உண்டவுடன் பீமனுக்கு வலிமை வருகிறது, பகைவன் ஓடுகிறான், மறு பகுதியில் மீண்டும் லட்டு. ஆண்டுகள் பல கடந்தும் அவன் மாறவில்லை. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு, யாம் சொல்லோம். தெனாலிராமன் திருந்திவிட்டால் அப்புறம் கதை ஏது? சிறு குழந்தைக்கு மாறாத தோழன் ஒருவன் வேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளைக்கோ, மாறுகிற மனிதன் வேண்டும். அந்த வயதில் அவர்களே மாறிக்கொண்டிருக்கிறார்கள் அன்றோ!

இவ்வகையில் உலகம் கொண்டாடியது ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அமெரிக்கத் தொடர். 2005 முதல் 2008 வரை, மூன்று பருவம், 61 பகுதிகள். அதில் நாயகனைக் காட்டிலும் எம் உள்ளம் கவர்ந்தவன் ஜூகோ என்னும் இளவரசன். பதின்மூன்று வயதில் பெற்ற தந்தையே முகத்தைச் சுட்டு நாடு கடத்தினான். இழந்த மதிப்பை மீட்க நாயகனைத் துரத்துகிறான். இரண்டாம் பருவத்தின் முடிவில், திருந்திவிட்டான் என்று நாம் மகிழும் நேரத்தில், அன்பு காட்டிய பெரியப்பனைக் கைவிட்டுத் தங்கையின் பக்கம் சாய்கிறான்! மூன்றாம் பருவத்தில்தான் தந்தையின் முன் நின்று உண்மையைச் சொல்லி வெளியேறுகிறான். இதைப் பார்த்தபோது எமக்கு இலங்கை நினைவு வந்தது. வீடணன் தமையனை விட்டு வந்தான். கும்பகருணன் தவறென்று அறிந்தும் தமையனுக்காகப் போருக்குப் போனான். ஒரே வீட்டில் இரண்டு வழி! கம்பர் இரண்டு பேரையும் இழித்துப் பேசாமல் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்தார். பாத்திர வளர்ச்சி என்பது மேனாட்டுச் சரக்கு என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

அனுமன் தொடரில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. இராவணனுக்குப் பெருமிதம் தந்திருக்கிறார்கள். இந்தி வடிவில் கதை சொல்லும் குரலும் இராவணன் குரலும் சரத் கேல்கர் என்னும் ஒரே நடிகருடையவை, கேட்கவே கம்பீரம். ஆனால் அங்கதன்! தந்தையைக் கொன்றவனுக்கே தொண்டு செய்யும் மைந்தன் அவன். அவன் நெஞ்சில் என்ன நடந்திருக்கும்? போர்க்களத்தில் செலவிட்ட நேரத்தில் சிறு பங்கை அவனுக்குத் தந்திருக்கலாம்.

இனி ஓவியத்தின் தரத்திற்கு வருவோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 20 நிமிடம் என்றால் 28,800 படங்கள். இருப்புப்பாதைக் கணக்கில் சொன்னால்தான் எமக்கு விளங்கும். நம் அகலப்பாதையில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் கட்டைகள் இடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பகுதியின் படங்களை வரிசையாய்ப் போட்டால் 17 கிலோமீட்டருக்கு மேல் பாதை அமையும்! புனே நிலையத்தில் தொடங்கி, நம் ஹடப்சரைக் கடந்து, லோணிப் பக்கம் போய்விடலாம். ஒரு கட்டை பிசகினாலும் வண்டி குலுங்கும் அல்லவா? அதுபோல ஒரு சில படங்கள் பிசகினாலும் கண் கண்டுகொள்கிறது.

கையால் வரைந்த காலத்தில் ஒரே படத்தை இரண்டு முறை ஓட்டி வினாடிக்கு 12 வரைந்தும் சமாளித்தார்கள். இப்போது கணிப்பொறியில் உருவத்தைப் பொம்மைபோல் செய்து, முக்கிய நிலைகளைக் கலைஞர் அமைக்க, இடைப்பட்டவற்றைப் பொறி கணக்கிடுகிறது. ஆனால் பொறிக்கு எடை தெரியாது. கதையைத் தூக்குமுன் முழங்கால் மடியவேண்டும், மூச்சு இழுக்கவேண்டும், வீசியபின் உடல் அதன் பின்னே இழுபடவேண்டும். அது இல்லையேல் இரும்புக் கதை தெர்மோகோல் ஆகிவிடும். வால்ட் டிஸ்னியிடம் பணிபுரிந்த பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் இரு கலைஞர்கள் இத்தகைய 12 நெறிகளை 1981இல் நூலாக எழுதினார்கள். அனுமன் தொடரில் போர்க்காட்சிகள் இந்தச் சோதனையில் தேறுகின்றன. பாறை விழுந்தால் தரை அதிர்வது நம் கண்ணுக்குப் படுகிறது. நாமக்கல்லில் 18 அடி உயரம் நிற்கும் ஆஞ்சநேயரைச் சேவித்தவர்களுக்கு, அந்தக் கல் நடந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கும்; அந்த எடை இங்கே கிடைக்கிறது. ஆனால் இருவர் நின்று உரையாடும் இடங்களில் முகம் சற்று இறுகிவிடுகிறது. வானரக் கூட்டத்தில் ஒருவர்க்கொருவர் வேற்றுமை குறைவு.

முகம் இறுகினால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடே கண்டது. 2014 மே 23இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தில், நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிந்து உருவமாக்கினார்கள். சௌந்தர்யா ரஜினிகாந்த் அவர்களின் முயற்சி துணிவானது. இந்தியாவில் அவ்வகையில் முன்னோடியும் ஆகும். ஆயினும் கண்களில் உயிரில்லை என்று பலர் குறைபட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ரஜினிகாந்தின் முகம் நமக்கு நம் உறவினர் முகம் போலப் பழகியது. கண்ணிமை ஒரு நொடி தவறினாலும் நம்மை ஏமாற்ற முடியாது. அனுமனையோ நாட்காட்டியில் மட்டும் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கலை நமக்குப் புதிதென்றும் எண்ணவேண்டா. இதே புனேயில், பிரபாத் பிலிம் கம்பெனி 1930களின் நடுவில் ‘ஜம்பு காகா’ என்னும் கார்ட்டூன் குறும்படம் செய்தது. பிரபாத் இருந்த இடத்தில்தான் இன்று திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 1956இல் டிஸ்னியின் கலைஞர் கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து பிலிம்ஸ் டிவிஷனில் நம்மவர்களுக்குப் பயிற்சி தந்தார். அவரிடம் பயின்ற ராம் மோகன், ஜப்பானியர் யூகோ சாகோவுடன் சேர்ந்து எடுத்ததுதான் ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்னும் கைவரைபடம். 1983இல் இந்தியாவில் அகழாய்வு பற்றிச் செய்திப்படம் எடுக்க வந்த சாகோ, இராமாயணத்தில் உள்ளம் தோய்ந்து, 1992இல் அதை முடித்தார். 2025 சனவரி 24இல் அது தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் காடு வரைந்திருக்கும் அழகை ஒருமுறை பாருங்கள். நீரின் மேல் ஒளி விழுவதைப் பாருங்கள். கணிப்பொறி இன்னும் அந்தப் பச்சையைப் பிடிக்கவில்லை என்பது எமது எண்ணம். 2009இல் வந்த ‘லிட்டில் கிருஷ்ணா’ தொடரை உருவாக்கிய பிக் அனிமேஷன் நிறுவனமும் நம் புனேயில் இயங்கியதே.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நம் காலனிச் சிறுவன் ஒருவன் கணக்கு நோட்டின் மூலையில் குரங்கு வரைகிறான். ஒவ்வொரு தாளிலும் வால் சிறிது உயர்கிறது. தாளைக் கட்டைவிரலால் விரைந்து புரட்டினால் குரங்கு பாய்கிறது! அவன் தந்தையார் இதைக் கண்டு நோட்டைப் பரணில் எறிந்துவிட்டார். அவர் இந்த அவையில் இருக்கிறார். பெயர் சொல்லோம், அஞ்சவேண்டா. அவருடைய கவலையும் நியாயமே: இரயில்வே தேர்வுக்கு வால் வரைந்தால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் ஐயா, அந்தப் பாய்ச்சலுக்கு முன் குரங்கு முழங்கால் மடக்குகிறதே, அதை யார் அவனுக்குக் கற்பித்தார்கள்? கணக்குக்கு ஒரு நோட்டும் குரங்குக்கு ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது நோட்டின் விலையை யாம் தருகிறோம்.

தமிழ்க் குரலைப் பற்றியும் இரு சொல். உதடுகள் இந்திக்கு அசைகின்றன. அதற்குள் தமிழைப் பொருத்துவது எளிதன்று. உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழவேண்டும்.  இதனால் சில இடங்களில் சொற்கள் நெருக்கியடித்து ஓடுகின்றன. இருந்தும் பிள்ளைகள் ‘ஆணை’, ‘வாக்கு’, ‘மன்னியுங்கள்’ என்னும் சொற்களை, பொருள் கேட்காமலே பொருள் உணர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். எம் வீட்டில் ஒருநாள் பால் வாங்கிவரச் சொன்னபோது, “தங்கள் ஆணை” என்று பதில் வந்தது. கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் தமிழில் கேலி செய்யத் தெரிந்துவிட்டதே!

செயலாளர் அவர்கள் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். எமது வேண்டுகோள் ஒன்றே. இந்த ஞாயிறு மாலை, பிள்ளைகள் தொடர் பார்க்கும்போது வேறு அறைக்குப் போகாமல், ஒரு பகுதி முழுவதும் தமிழ்க் குரலில் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் அங்கதனைப் பற்றிக் கேளுங்கள். அவன் ஏன் இராமனோடு போனான் என்று கேளுங்கள். அவர்கள் தமிழில் சொல்லும் விடைகளை எழுதிச் சங்கத்தில் கொடுத்தால், அடுத்த ஆண்டு மலரில் இடம் ஒதுக்குவதாகத் தலைவர் இசைந்திருக்கிறார். பிழைகளைத் திருத்தவேண்டா, அப்படியே கொடுங்கள்.