மாசியில் விதை, சித்திரையில் பறி

(பரமத்தி வேலூர் வட்டார மகளிர் சுய உதவிக் குழுவினருக்கான வீட்டுக் காய்கறித் தோட்டப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காய்கறித் தோட்டம் என்று சொன்னதும் நம்ம பக்கம் முதலில் வரும் பதில், "ஆடி பிறக்கட்டும், பார்க்கலாம்" என்பதுதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது வயலுக்கும் மானாவாரிக் காட்டுக்கும். வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மாசியில் பனி விலகிவிடும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. விதை முளைக்க இதமான சூடு அப்போதுதான் கிடைக்கும். மாசியில் விதைத்தால் பங்குனியில் கீரை, சித்திரையில் வெண்டை. கோடையில் சந்தைக்கு வரத்து குறைந்து விலை ஏறும்போது உங்க வீட்டுச் சட்டியில் காய் இருக்கும்.

இளவேனில் என்று நம் முன்னோர் பிரித்துவைத்தது சித்திரையும் வைகாசியும். ஆனால் நம்ம ஊரில் அது கத்திரி வெயில் காலம். அப்போது விதை போட்டால் முளை கருகும். அதனால் வெயில் உச்சிக்குப் போவதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு?

காசு மிச்சமாகும், சரிதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேறினால் மூச்சு வாங்குது, மதியத்துக்குமேல் தலை சுத்துது என்றால், "வேலை ஜாஸ்திங்க" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். அவ்வளவையும் கொல்லையில் எடுக்க முடியாதுதான். ஆனால் வாரத்தில் நாலு நாள் கீரைக்கு வழி பண்ணிக்கலாம். கீரை சாப்பிடும்போது எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா அது குறையும்.

தண்ணீர்க் கணக்கு

"குடிக்கவே தண்ணி பத்தலை, செடிக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்குக் கோடையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 லிட்டர், அதாவது நாலு குடம் தண்ணீர் தேவை. அரிசி, காய் கழுவியது, பாத்திரம் கடைசியாக அலசியது என்று சோப்பு கலக்காத தண்ணீர் ஒன்றரை, இரண்டு குடமாவது தினமும் சாக்கடைக்குத்தான் போகுது. அதைப் பிடித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. குளித்த தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடுங்கள். கீரைமேல் ஊற்ற வேண்டாம். துணி துவைத்த பவுடர் தண்ணீர் மண்ணை உவராக்கும், அது எதற்குமே வேண்டாம். எந்தத் தண்ணீரும் தேங்கி நிற்கக் கூடாது, கொசு வந்துரும்.

மீதித் தண்ணீரைக் காப்பாற்றுவது மூடாக்கு. நம்ம ஊரில் வாழைச் சருகுக்கும் தென்னை மட்டைக்கும் பஞ்சமா? செடி ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் மூன்று விரல் உயரம் சருகைப் பரப்புங்க. மண் காயாது, களையும் அதிகம் வராது. தண்ணீரைக் காலையிலோ பொழுது சாயும்போதோ ஊற்றுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம்.

கொடிக்கால் சொல்லித் தரும் பாடம்

வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கொடிக்காலில் முதலில் என்ன போடுவாங்க? அகத்தி. அகத்தி வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். அந்த வித்தையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பாத்தியின் மேற்கு ஓரத்தில் இரண்டடிக்கு ஒன்றாக அகத்தி விதை போடுங்க. பிற்பகல் வெயிலை அது தாங்கும்; கீரையாகவும் ஆகும். அகத்தி வளரும் வரைக்கும் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும். முருங்கைக்கு இடமிருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்-1 ரகத்தை விதையாகவே ஊன்றலாம். ஆறேழு மாசத்தில் காய்க்கும்.

எதை இப்போது, எதை அப்புறம்?

கீரைப் பாத்தியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மொத்த விதையையும் தூவினால், மொத்தக் கீரையும் ஒரே வாரத்தில் முற்றிப்போகும். எட்டு நாளைக்கு ஒரு பாகம் என்று விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்க வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். விதை பொடிசாக இருப்பதால் மணல் கலந்து தூவுங்கள்.

வெண்டை விதையை இரவே ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். 45, 50 நாளில் காய்ப்புக்கு வரும். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் செடி ஓய்ந்துவிடும். கொத்தவரை வெயில் தாங்கும். புடலை, பீர்க்கன், பாகலைப் பந்தலிலோ வேலியிலோ ஏற்றிவிடலாம்.

தக்காளியை மட்டும் இப்போது போடாதீங்க. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துபோகும். விதையை ஈரம் படாத டப்பாவில் மூடி வைத்து, ஆடியில் நாற்று விடுங்கள். ஆடிப்பட்டத்துக்கு மரியாதை செய்தது போலவும் ஆச்சு.

எருவும் பூச்சியும்

நாமக்கல் மாவட்டத்தில் கோழி எருவுக்குக் குறையில்லை. ஆனால் பச்சைக் கோழி எருவைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துபோகும். தென்னை நார்க்கழிவோடு கலந்து, ஈரம் காயாமல் நாலைந்து மாதம் மக்கவைத்த பிறகே போட வேண்டும். இந்த மாசிக்கு மக்கிய மாட்டு எருவே போதும்.

வெண்டை இலையில் மஞ்சள் நரம்பு ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியை யோசிக்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்க. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். நம்ம பிள்ளை சாப்பிடும் கீரை. கடை மருந்து எதற்கு?

அரசு தரும் உதவி

தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. அதன்கீழ் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு வகை விதை அடங்கிய தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடித் தொகுப்பும் முழு மானியத்தில் வழங்கப்படுகின்றன. பரமத்தியிலும் கபிலர்மலையிலும் உள்ள வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில், ஆதார் நகலுடன் போய் இருப்பு விவரம் கேட்கலாம். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். விதைக்குச் சாயம் பூசியிருந்தால் அது மருந்து கலந்தது. மீந்துபோனதைச் சமையலுக்குப் போட்டுவிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்துக்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. ஆரம்பத்திலேயே பெரிசாகப் போட்டுவிட்டு, மூன்றாவது வாரம் சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள். முதல் வருஷம் ஒரு கீரைப் பாத்தி, இரண்டு வரிசை வெண்டை, ஓரத்தில் அகத்தி. அவ்வளவு போதும். இன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் அலசிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, கொல்லையில் எந்த இடத்துக்கு அதிக நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். நாளைக்கு மண்ணைக் கொத்திவிடலாம்.